ஒன்றரை விநாடி

மருத்துவர் ஹேபெர்லே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான்
என் இதயத்தைப் பற்றிப் பேசுவார்.
இளம் மருத்துவர்கள் மூவர், ஒரு தாதி,
தள்ளுவண்டியில் கோப்புகள்.
நோயாளி காதில் விழுந்தாலும் உள்ளே இறங்காத சொற்களை
கழுவிய தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக
அடுக்கிவிட்டுப் போவார்.

ஸ்டெனோஸ, என்றார் முதல் நாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கவாலாவில் ஸ்டெனோ என்றால் சந்து.
துறைமுகத்திலிருந்து மேலேறும் சந்தில்
புகையிலைப் பொதியோடு ஒரு கழுதை வந்தால்
எதிரே வருகிறவர் யார் வீட்டு வாசலிலாவது
ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.
ஆக, என் நெஞ்சுக்குள் ஒரு சந்து.
கழுதை போகட்டுமென்று
இரத்தம் ஒதுங்கி நிற்கிறது.

மாத்திரை ஒவ்வாமல் கையெல்லாம் சிவந்தபோது
எக்ஸாந்தெம், என்று எழுதிக்கொண்டார்கள்.
பூத்து வெளிவருதல்.
இவாந்தியா என்ற என் பெயரிலும் அதே பூதான்.
சொறிந்துகொண்டே சொன்னேன்.
தாதி சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை.

பிறகு எக்டோபிஷ்.
பிறக்கவேண்டிய இடத்தில் பிறக்காத துடிப்பு.
எக், வெளியே. தோபோஸ், இடம்.
ஊரையும் அந்தச் சொல்லால்தான் சொல்வோம்.
ஊருக்கு வெளியே துடிக்கிறது என்று கண்டுபிடிக்க
மார்பில் இத்தனை கம்பி எதற்கு?
என்னைக் கேட்டிருக்கலாமே.
ஷ்வென்னிங்கன் கடிகார ஆலையில் பதினெட்டு வருடம்
காதை வைத்துக் கேட்டே பிழைத்தவள் நான்.
ஒரு டிக் பிந்தினால்
பெட்டியில் தள்ளிவிடுவேன், கண் திறக்காமலே.

பக்கத்துக் கட்டிலில் இம்மாகொலாத்தா,
கலாப்ரியாக்காரி, நூற்பாலையில் இருந்தவள்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
உடைந்த ஜெர்மன் கொஞ்சம்,
கை நிறைய சைகை.
அவள் கோப்பைப் பார்த்து ஒருநாள்
கஹெக்ஸி, என்றார் ஹேபெர்லே.
அவர்கள் போனதும் என்னைப் பார்த்துப் புருவம் தூக்கினாள்:
உங்கள் ஊர்ச் சொல்தானே, என்ன அது?

காக்கி, கெட்டது. எக்ஸி, நிலை; பழக்கம் என்றும் உண்டு.
அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.
வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.
கெட்ட பழக்கமாம், என்றேன்.
சூப்பை மிச்சம் வைக்கிறாயே, அதைச் சொல்கிறார்.
அடப் பாவி, என்று
அவர் போன கதவைப் பார்த்து முறைத்தாள்.
அன்று தட்டின் அடி தெரியக் குடித்தாள்.

எனக்கு எல்லாம் புரிகிறதென்று
எப்போதோ அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.
நேற்று சன்னலோரம் நின்றபடி
புரொக்னோஸ, என்று தொடங்கி என்னைப் பார்த்தார்.
நிறுத்தினார்.
அது தெரிந்த சொல்தான், ஐயா.
எங்கள் வானொலியில் தினமும் மாலை
மீனவர்களுக்காகச் சொல்வார்கள்:
நாளை காற்று எப்படி, அலை எப்படி.
அவர் குரலை இன்னும் தாழ்த்தி
இன்ஃபௌஸ்ட், என்று முடித்தார்.

கிரேக்கம் இல்லை.
நாக்கில் புரட்டிப் பார்த்தேன்.
பிடி கிடைக்கவில்லை, சந்தும் இல்லை, பூவும் இல்லை.
லத்தீனாக இருக்கும்,
அப்படியென்றால் இவளுக்கு அது வீட்டுச் சொல்.
இம்மாகொலாத்தா, என்றேன், இன்ஃபௌஸ்ட் என்றால்?

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.
அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.
அது ஒரு காற்றின் பெயர், என்றாள்.
தெற்கிலிருந்து வரும். சூடானது.

ஒன்றரை விநாடி.
வளையலைப் பார்த்துவிட்டு வாய் திறக்க
அன்று எனக்கும் சரியாக அவ்வளவுதான் ஆனது.
பதினெட்டு வருடக் காது,
பிசகாது.

சரி, என்றேன். தெற்குக் காற்றென்றால் நல்லதுதான்.
சூப் வந்தது.
அவள் பாதியை மிச்சம் வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.